காட்டு வான்கோழிக்கு வில்

கேள்வி: டெக்சஸில் உள்ள அண்ணனோடு முதன்முறையாக வில்லால் காட்டு வான்கோழி வேட்டைக்குப் போகிறேன். இங்கே சிங்கப்பூரில் 18 மீட்டர் இலக்கில் பயிற்சி செய்வது போதுமா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: தூரம் சரி, இலக்குதான் பெரிது. சிலிர்த்து நிற்கும் சேவல் பானை போலத் தெரியும். பாதி வெறும் இறகு. இதயமும் நுரையீரலும் இருக்கும் உயிர்நிலை ஓர் ஆரஞ்சுப் பழ அளவே. அந்த அளவுக்கு வட்டம் வெட்டி ஒட்டி, முக்காலியில் உட்கார்ந்தபடியே எய்து பழகுங்கள். பக்கவாட்டில் நின்றால் இறக்கை உடலோடு சேரும் இடத்தில் குறிவையுங்கள். மார்புச் சதையில் பட்டால் அம்போடு பறந்துபோய் எங்கோ துடித்துச் சாகும். சந்தேகமிருந்தால் எய்யவே வேண்டாம்.

மறைவுக் கூடாரத்தின் பின் ஜன்னல்களை மூடி, உள்ளே கறுப்புச் சட்டை அணியுங்கள். சேவலை ஈர்க்கும் பொம்மைப் பேடையைப் பத்து மீட்டருக்குள் வையுங்கள். சேவல் திரும்பி, விரிந்த வால் அதன் கண்ணை மறைக்கும் நொடியில் நாணை இழுங்கள். அசைவை அது உடனே கண்டுகொள்ளும். வேட்டை உரிமத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.