ஒரு கல்லில் ஒன்பது பெயர்கள்

கேள்வி: லீட்ஸ் நகரின் பெக்கெட் தெரு கல்லறைத் தோட்டம் வழியாகத் தினமும் வேலைக்குப் போகிறேன். அங்கே ஒரு கல்லில் ஒன்பது பெயர்கள் இருக்கின்றன. குடும்பப் பெயர்கள் எல்லாம் வேறு வேறு. அவர்களில் ஒரு பெண்: ‘இன்னாரின் மனைவி, 1884, வயது 41.’ அவ்வளவுதான். இவர்கள் எல்லாம் என்ன உறவு? அந்தப் பெண் எப்படி வாழ்ந்தார் என்று தெரிந்துகொள்ள வழி உண்டா, அம்மா?
- ஒரு வாசகி, லீட்ஸ்

பதில்: உறவே இல்லை. உயிரோடு இருந்தபோது ஒருவரையொருவர் பார்த்திருப்பார்களா என்பதே சந்தேகம். லீட்ஸ்காரர்கள் ‘கினிக் கல்லறை’ என்று சொல்வது இதைத்தான். 1845-ல் திறந்த அந்தத் தோட்டத்தில் ஏழைகளுக்கு அடையாளமில்லாத பொதுக்குழிதான். ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங் கட்டினால், குழியில் பலர் இருந்தாலும் கல்லில் பெயரும் நாளும் வயதும் பொறிப்பார்கள். முன்பக்கம் நிரம்பினால் பின்பக்கம். நாளைக்குப் போகும்போது பின்பக்கத்தையும் பாருங்கள். கூலியாள் ஒருவருக்கு அந்த ஒரு கினி ஏறத்தாழ ஒரு வாரச் சம்பளம். அதைக் கொடுத்து அந்தப் பெண்ணின் பெயர் நிலைக்க வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

முதலில் இறப்புச் சான்றிதழை வாங்குங்கள். இங்கிலாந்தில் 1837 ஜூலை முதல் அரசுப் பதிவு இருக்கிறது. தொழில் என்ற இடத்தில் ‘இன்னாரின் மனைவி’ என்று எழுதி, கணவரின் தொழிலைப் போட்டிருப்பார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஆனால் அதே வரிசையில் தகவல் கொடுத்தவர் யார், சாகும்போது கூட இருந்தாரா என்றும் இருக்கும். அதை விட்டுவிடாதீர்கள்.

அந்தப் பெண் பிறந்தது 1843-ஐ ஒட்டி. ஆகவே 1851, 1861, 1871, 1881 ஆகிய நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் தேடலாம். பதினெட்டு வயதில் சணல்நூல் ஆலையில் வேலை பார்த்த பெண்ணுக்குக்கூட, கல்யாணத்துக்குப் பிறகு தொழில் கட்டம் பெரும்பாலும் காலியாக இருக்கும். அந்தக் காலியிடத்தை நம்பாதீர்கள். அதே வீட்டில் ‘லாட்ஜர்’ (வாடகை கொடுத்துத் தங்கியவர்) என்று ஒருவர் பெயர் இருந்தால், அவருக்குச் சமைத்துப் போட்டதும் துணி துவைத்ததும் யார்?

திருமணச் சான்றிதழில் இரு வீட்டுத் தந்தையரின் பெயரும் தொழிலும் உண்டு. தாயாருக்கு இடமே இல்லை; அது 2021-ல்தான் வந்தது. சான்றிதழின் அடியில் பாருங்கள். எழுதத் தெரியாதவர்கள், நம் ஊர்க் கைநாட்டைப் போல, பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். அரசு அலுவலகம் அனுப்பும் நகலில் எழுத்து எழுத்தருடையது. அந்தப் பெண்ணின் கையெழுத்தையே பார்க்க வேண்டுமானால், தேவாலயத்தில் நடந்த திருமணமாக இருந்தால், அதன் மூலப் பதிவேட்டைத் தேடுங்கள்.

இத்தனைக்கும் மேலாக நான் சொல்ல விரும்புவது, அவருடைய குழந்தைகளைத் தேடுங்கள் என்பதுதான். அரசின் இணையதளப் பிறப்பு அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரைக் கொண்டு 1837 வரை தேடலாம். 1872-ல் பிறந்து 1876-ல் இறந்த குழந்தை எந்தக் கணக்கெடுப்பிலும் இருக்காது, அங்கே இருக்கும்.

லீட்ஸின் ஹோல்பெக் பகுதியில் வாழ்ந்த ஒரு பெண்ணை நான் இப்படித் தேடினேன். கணக்கெடுப்பில் மூன்று பிள்ளைகள். அட்டவணையில் ஆறு. இறந்துபோன மூவருடைய சான்றிதழ்களையும் வரவழைத்தேன். மூன்றிலும் தகவல் கொடுத்தவர்: தாய், கூட இருந்தவர். முதல் இரண்டில் ‘இது அவருடைய குறி’ என்று பெருக்கல் குறி. மூன்றாவதில் குறி இல்லை. கையெழுத்துப் போட்டதாகப் பதிவு. இரண்டாவது குழந்தைக்கும் மூன்றாவது குழந்தைக்கும் நடுவில் இருந்த ஐந்து வருடங்களில் அவர் தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறார். யாரிடம்? பள்ளிக்கூடம் போன மூத்த மகளிடம் என்றுதான் நினைக்கிறேன். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

கல்லில் உள்ள பெயரை அப்படியே, எழுத்துப் பிழை இருந்தால் அதையும் சேர்த்து, எழுதி அனுப்புங்கள். 1881 கணக்கெடுப்பை நானே பார்த்துச் சொல்கிறேன்.