‘அலை’ என்று பெயர் வைத்தால் அலைவாளா?

கேள்வி: எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது. கடலலையைக் குறிக்கும் பெயர் வைக்க ஆசை. ‘அலை’ என்றே வைக்கலாம் என்றேன். “அப்படிக் கூப்பிட்டால் வாழ்நாளெல்லாம் அலைவாள்” என்று மாமியார் தடுக்கிறார். பெயர்ப் பொருத்தம் பார்ப்பவர் ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு, ‘லஹரி’ என்று வைத்து ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டச் சொன்னார். எதைக் கேட்பது?

பதில்: மாமியார் சொல்வதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். அவருக்கு நல்ல தமிழ்க் காது. ‘மலர்’, ‘கனி’ போலவே ‘அலை’யும் பெயராகவும் ஏவலாகவும் நிற்கிற சொல். ‘மலர்’ என்று ஏவினால் வாழ்த்தாகிறது. ‘அலை’ என்று ஏவினால் அலைச்சலும் அலைக்கழிப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. பழந்தமிழில் இன்னும் கடுமை. ‘அலைமேற்கொண்டு அல்லவை செய்தொழுகும் வேந்து’ என்ற 551-ஆம் குறளில் அலை என்பது குடிமக்களை வருத்துவது.

அதற்காக அஞ்ச வேண்டாம். கடலலை எங்கும் அலைவதில்லை. ஆழ்கடலில் ஓர் அலை கடந்து போகும்போது அங்கிருக்கும் நீர் ஏறக்குறைய ஒரு வட்டம் சுற்றிவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்புகிறது. பயணம் போவது ஆற்றல். மிதக்கும் கட்டை ஒன்று அலையோடு ஓடாமல் ஏறி இறங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தவிர, உங்கள் மகள் வளரும் காலத்தில் இந்தச் சொல் அலைபேசியிலும் பண்பலையிலும் அலைவரிசையிலும் ஒலிக்கும். தேர்தல் வந்தால் அனுதாப அலை, கோடையில் வெப்ப அலை. அவள் வகுப்புத் தோழிகளுக்கு அலைச்சல் முதலில் நினைவுக்கு வராது.

மாமியார் மனமும் நிறைய வேண்டுமென்றால் ‘அலைமகள்’ என்று வையுங்கள். பாற்கடலில் தோன்றிய திருமகளுக்கு வழங்கும் பெயர். கலைமகள், மலைமகள் வரிசையில் அவர் கேட்டுப் பழகியதாகவே இருக்கும். ஏவல் ஓசையும் மறைந்துவிடும். வீட்டில் நீங்கள் ‘அலை’ என்றே கூப்பிடலாம்.

மற்ற சொற்களைப் பார்த்துவிடலாம். ‘ஓதம்’ வேண்டவே வேண்டாம். கடலேற்றத்தைக் குறிக்கும் அழகான சொல்தான், ஆனால் வழக்கில் ஈரம் ஏறிய சுவரையும் ஆண்களுக்கு வரும் விரைவீக்கத்தையும் குறிக்கிறது. ‘திரை’யும் பெண் குழந்தைக்குச் சரிவராது. சுருண்டு மடிவது என்ற பொருளில் பிறந்த சொல் என்பதால் ‘நரை, திரை, மூப்பு’ என்று முதுமையின் தோல் சுருக்கத்தோடு சேர்ந்துவிட்டது. இன்றைக்குத் திரை என்றால் சினிமா. ஆண் பிள்ளையாக இருந்தால் தயங்காமல் ‘இளந்திரையன்’ என்று வைக்கச் சொல்லியிருப்பேன். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பெரும்பாணாற்றுப்படை ‘திரைதரு மரபின்’ வந்தவன் என்கிறது. அலை கொண்டுவந்து தந்த குலம் என்று பொருள். இவ்வளவு கம்பீரமான பெயரைப் பெயர்ப் பட்டியல்களில் தேடினாலும் காண்பது அரிது. ‘தரங்கிணி’ இனிய பெயர், ஆனால் அதன் பொருள் அலையன்று, அலைகளை உடைய ஆறு.

இனி அந்த ‘லஹரி’. வடமொழியில் பேரலை என்பது உண்மை. சௌந்தர்ய லஹரியில் இருப்பது அதுதான். தெலுங்கிலும் கன்னடத்திலும் நல்ல பெயராகவே வழங்குகிறது. ஆனால் மலையாளத்தில் லஹரி என்றால் போதை. தமிழில் அதுவே ‘லாகிரி’ ஆகி, லாகிரி வஸ்து என்று பழைய சட்ட நூல்களிலும் செய்தித்தாள்களிலும் புழங்கியது. பணம் வாங்கிக்கொண்டு பெயர் சொல்பவர் இதைச் சொல்ல வேண்டாமா? எண்ணைக் கூட்டிக் கழிக்கத் தெரிந்தவருக்குச் சொல்லின் வாழ்க்கை தெரியவில்லை. இணையப் பட்டியல்களும் இப்படித்தான். ஒருவர் செய்த பிழையை அடுத்தவர் அப்படியே நகலெடுக்கிறார். இவர்களுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கூடுதல் எழுத்து வேண்டவே வேண்டாம். பள்ளி, ஆதார், பாஸ்போர்ட் என்று ஓர் இடத்தில் அந்த எழுத்து விடுபட்டாலும் போதும், நோட்டரி, அரசிதழ் என்று உங்களைத்தான் அலைய விடுவார்கள். ஒரு குழந்தையின் பெயரைத் திருத்த ஒரு குடும்பம் நாள்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டியிருப்பது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

பிறப்புப் பதிவான நாளிலிருந்து 12 மாதம் வரை பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதனால் அவசரம் இல்லை. அவசரப்படுத்தும் இடைத்தரகர் எவரையும் நம்ப வேண்டாம். கவனம் தேவைப்படுவது எழுத்தில். ஆங்கிலத்தில் அகரத்துக்கும் ஆகாரத்துக்கும் வேறுபாடு காட்டாமல் எழுதுவதே வழக்கம். அதைப் பார்த்துத் தமிழில் தட்டச்சு செய்பவர் கையில் அலை ‘ஆலை’ ஆகிவிடும். லகரம் தவறிப்போனால் இன்னும் மோசம்: ‘அழை’ என்றால் கூப்பிடு, ‘அளை’ என்றால் நண்டு வளை. ஆகவே தமிழ்ப் பெயரை நீங்களே பெரிய எழுத்தில் தாளில் எழுதிக் கொடுங்கள். சான்றிதழைக் கையில் வாங்கியதும், அங்கேயே நின்று ஒவ்வோர் எழுத்தாகப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.