மேசைமேல் ஒரு சாவி: திரைப்பட மாணவர் ஒருவரின் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நான் ஒரு திரைப்படக் கல்லூரியில் இயக்குநர் பிரிவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சென்ற பருவத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சி தரப்பட்டது. ஒரே அறை, இரண்டு பேர், வசனம் கூடாது, நான்கு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். பல ஆண்டுகளுக்குப் பின் வீட்டுக்கு வரும் மகன், செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும் அப்பாவின் முன்னால், தன்னிடம் இருந்த வீட்டுச் சாவியை வைத்துவிட்டுப் போய்விடுகிறான் என்பதை எடுத்தேன். ஒளிப்பதிவை எல்லோரும் பாராட்டினார்கள். ஆசிரியர் மட்டும், "ஷாட் எல்லாம் இருக்கிறது, காட்சிதான் இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த மாணவரின் படத்துக்குப் போய்விட்டார். இந்தப் பருவம் முழுக்க மற்றவர்களின் படங்களில் பூம் (நீண்ட கம்பில் மாட்டிய மைக்) பிடிப்பதிலும், ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறிவிடாமல் இருக்கக் கன்டினியுட்டி குறிப்பு எழுதுவதிலுமே கழிகிறது. என்னோடு பள்ளியில் படித்த நண்பன் செல்பேசியில் இரண்டு குறும்படங்கள் எடுத்து, உதவி இயக்குநராகவும் சேர்ந்துவிட்டான். கல்லூரியில் உண்மையிலேயே எதையாவது கற்றுக்கொள்ள முடியுமா, அல்லது விலகி, கையில் இருக்கும் பணத்தில் ஒரு கேமரா வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடலாமா? படத்தையும் ஷாட் பட்டியலையும் இணைத்திருக்கிறேன்.

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

*

அன்புள்ள நண்பருக்கு,

படத்தைப் பார்த்தேன். முதல் முறை ஒலியோடும், அடுத்த முறை ஒலியை நிறுத்திவிட்டும் பார்த்தேன். உங்கள் ஆசிரியர் சொன்னது சரிதான். ஆனால் அதை விளக்காமல் நகர்ந்துவிட்டார் என்பதில் உங்களுக்கு இருக்கும் மனக்குறையும் நியாயமானதே, ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் படத்தில் சாவி மூன்று முறை குளோஸப்பில் வருகிறது. மூன்றும் அழகான ஷாட்டுகள். ஆனால் அப்பா அந்தச் சாவியைப் பார்த்தாரா, பார்த்தும் பாராததுபோல் இருந்தாரா, அல்லது மகன் போன பிறகுதான் கவனித்தாரா என்பது படத்தில் எங்குமே இல்லை. அவர் ஒரே ஒருமுறை கண்ணை உயர்த்துகிறார். அந்த ஷாட்டில் ஜன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும் என்பதற்காகக் கேமராவை மேசையின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோயிருக்கிறீர்கள். அதுவரை அப்பா திரையின் வலப்பக்கம் நோக்கியும் மகன் இடப்பக்கம் நோக்கியும் இருந்தார்கள். கேமரா இருவருக்கும் இடையிலான கோட்டைத் தாண்டியதும் அப்பாவும் இடப்பக்கம் திரும்பிவிட்டார். அடுத்து வரும் மகனின் ஷாட்டை மறுபடியும் பழைய பக்கத்திலிருந்து எடுத்திருப்பதால், இருவரும் ஒரே திசையில், மூன்றாவதாக எதையோ பார்த்துக்கொண்டிருப்பதாகத் தெரிகிறது. அந்தக் கணத்தில்தான் பார்வையாளர் கதையை விட்டுவிட்டு அறையின் வரைபடத்தை யோசிக்கத் தொடங்குகிறார்.

கேமரா அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதைத்தான் 180 டிகிரி விதி என்று வகுப்பில் எழுதிப்போட்டார்கள். அதை மீறவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பேச்சுவார்த்தை அற்றுப்போன இருவரை ஒருவரையொருவர் பார்க்காதவர்களாகக் காட்ட நினைத்துத் தொடக்கத்திலிருந்தே அப்படி எடுத்திருந்தால் அது ஒரு பார்வை. நீங்கள் ஒரே ஒரு ஷாட்டில், வெளிச்சத்துக்காக மீறியிருக்கிறீர்கள், எனவே அது விபத்தாக மட்டுமே தெரிகிறது.

இதைவிட அடிப்படையான கேள்வி, இந்தக் காட்சி யாருடையது என்பது. உங்கள் பட்டியலில் வாசலில் நிற்கும் காலின் தாழ்கோணம், சாவி பிடித்த கை, மேலிருந்து மேசை, செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிரும் ஜன்னல் என்று வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் எங்கே கேமரா வைத்தால் நன்றாக இருக்கும் என்ற கேள்விக்கான பதில். இந்தக் கணத்தில் யாருக்கு என்ன தெரியும், யாருக்கு என்ன தெரியாது என்ற கேள்விக்கான பதில் ஒன்றுமே இல்லை. அப்பாவின் காட்சி என்று முடிவு செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் முகத்தைச் செய்தித்தாள் மறைத்திருக்கிறது. அவர் சாவியைப் பார்ப்பதற்கு முன் அது மேசையில் படும் சத்தத்தைக் கேட்பார். அதுவரை சீராகப் புரண்டுகொண்டிருந்த தாள் அந்தச் சத்தத்தோடு நின்றுவிடுகிறது, தாள் இறங்கவில்லை, கை மட்டும் புரட்டுவதை மறந்துவிட்டது. இந்த ஒரு ஷாட், மூன்று குளோஸப்புகளும் சேர்ந்து செய்யாததைச் செய்யும். ஆனால் உங்கள் படத்தில் அந்த இடத்தில் வயலின் ஒலிக்கிறது. சாவியின் சத்தத்தை நீங்கள் பதிவு செய்யவே இல்லை என்று ஊகிக்கிறேன்.

இப்போது பூம் பிடிப்பதற்கு வருவோம். அதை எடுபிடி வேலை என்று நினைக்கிறீர்கள். படப்பிடிப்புத் தளத்தில் ஒரு காட்சியைக் காதால் மட்டும் பின்தொடரும் வாய்ப்பு ஒலிப்பதிவாளருக்கும் பூம் பிடிப்பவருக்கும்தான் உண்டு. நடிகர் எந்த இடத்தில் மூச்சை இழுத்துக்கொள்கிறார், எந்த நாற்காலி எப்போது கிறீச்சிடுகிறது, பேசி முடித்த பின் எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கிறார் என்பதெல்லாம் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும் இயக்குநரைவிட உங்களுக்குத்தான் முதலில் தெரியும். காட்சி முடிந்ததும் எல்லோரையும் அரை நிமிடம் அசையாமல் நிற்கவைத்து ரூம் டோன், அதாவது யாரும் பேசாதபோது அறையில் இருக்கும் ஒலியை, பதிவு செய்கிறீர்கள் அல்லவா? வெறும் அறை என்று ஒன்று இல்லை, ஒவ்வோர் அறைக்கும் ஒரு மௌனம் உண்டு என்பது அங்கே கேட்கும். அதைக் கேட்டுப் பழகியவர் சாவியின்மேல் வயலினை வைக்கத் தயங்குவார்.

கன்டினியுட்டி வேலையும் அப்படித்தான். அப்பா மூக்குக்கண்ணாடியை எந்தக் கையால் கழற்றினார், கழற்றியது மகன் திரும்பும் முன்பா பின்பா, செய்தித்தாள் எந்தப் பக்கம் மடிந்திருந்தது என்று குறித்துக்கொண்டே இருப்பவர், ஒரு சின்னச் செய்கை எந்தக் கணத்தில் நிகழ்கிறது என்பதைப் பொறுத்து அதன் பொருளே மாறிவிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எடிட்டர் வால்டர் மர்ச் ஒரு நல்ல வெட்டுக்கு ஆறு அளவுகோல்களை வரிசைப்படுத்தி, உணர்ச்சிக்கு 51 சதவீதமும், கதைக்கு 23 சதவீதமும், நடிகர்கள் நிற்கும் இடத்தின் தொடர்ச்சிக்குக் கடைசியாக 4 சதவீதமும் கொடுத்தார். எண்களில் பாதி விளையாட்டு உண்டு, வரிசையில் விளையாட்டு இல்லை. அப்படியானால் தொடர்ச்சியைப் பற்றி எதற்குக் கவலைப்பட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். எதைப் பலிகொடுக்கிறோம் என்று தெரிந்து பலிகொடுப்பதற்காகத்தான். உங்கள் படத்தில் அந்த 4 சதவீதமும் போனது, பதிலுக்கு உணர்ச்சியும் கிடைக்கவில்லை.

ஷாட் என்பது பக்கத்தில் இருக்கும் ஷாட்டால்தான் பொருள் பெறுகிறது என்பது புத்தகத்தில் ஒரு வரி. அது கைக்கு வருவதற்குத்தான் காலம் பிடிக்கும். உலகின் முதல் திரைப்படப் பள்ளி 1919இல் மாஸ்கோவில் தொடங்கியபோது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது, படச்சுருள் கிடைக்கவில்லை. அங்கே கற்பித்த லெவ் குலெஷோவ் மாணவர்களைச் சும்மா இருக்கவிடவில்லை. ஷாட் பிரித்து எழுதி, ஒவ்வொரு ஷாட்டையும் கேமராவே இல்லாமல் நடித்துக் காட்டி, 'படச்சுருள் இல்லாத படங்கள்' எடுக்கவைத்தார். சோவியத் இயக்குநர் புதோவ்கின் அந்தப் பட்டறையிலிருந்து வந்தவர். இங்கிருந்து அங்கே தாவும்போது பார்ப்பவர் மனதில் என்ன நிகழும் என்பதை மட்டுமே அந்த மாணவர்களால் யோசிக்க முடிந்தது, ஏனென்றால் யோசிக்க வேறு எதுவும் அவர்களிடம் இல்லை.

உங்கள் நண்பரின் செல்பேசி இதற்கு நேர்மாறான நிலை. 16 மில்லிமீட்டர் படச்சுருள் காலத்தில் 400 அடிச் சுருள் ஒன்று நொடிக்கு 24 ஃப்ரேம் வேகத்தில் ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். அதற்குள் எடுத்தாக வேண்டிய மாணவர் 'ஆக்‌ஷன்' சொல்வதற்கு முன்பே பாதிப் படத்தை மனதுக்குள் வெட்டி முடித்திருப்பார். இன்று அந்தக் கட்டாயம் இல்லை, எல்லாக் கோணத்திலும் எடுத்துவைத்துக்கொண்டு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். பிறகு பார்க்கும்போது, முடிவெடுக்காத ஒருவர் எடுத்த காட்சித் துண்டுகளே கையில் இருக்கும். கல்லூரி தரும் ஒரே அறை, இரண்டு பேர், நான்கு நிமிடம் என்ற நெருக்கடியை யாரும் வெளியே உங்களுக்குத் தரப்போவதில்லை.

அதற்காக உங்கள் நண்பரின் வழி தாழ்ந்தது என்று சொல்லவில்லை. 1936இல் உதவி இயக்குநராகச் சேர்ந்த ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா தன் முதல் படத்தை 1943இல்தான் இயக்கினார். அவருக்கு வாய்த்த இயக்குநர் கஜிரோ யமமோட்டோ, இயக்குநராக வேண்டுமென்றால் முதலில் திரைக்கதை எழுதப் பழகு என்று உதவியாளர்களை எழுதவைத்தவர், எடிட்டிங்கிலும் அவர்களை ஈடுபடுத்தியவர். அப்படி ஒருவர் கிடைத்தால் கல்லூரியே தேவையில்லை. ஆனால் உதவி இயக்குநர்களில் பலர் நடிகர்களை அழைத்துவருவதிலும் கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதிலும் ஆண்டுகளைக் கழித்துவிட்டு, எடிட்டிங் அறையின் கதவைக்கூடத் தாண்டாமல் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் நண்பரிடம் அவர் எடிட்டிங்கில் உட்கார அனுமதிக்கப்படுகிறாரா என்று கேளுங்கள். பொறாமைப்பட வேண்டுமா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.

அதே அளவுகோலை உங்கள் கல்லூரிக்கும் வையுங்கள். எடிட்டிங் அறை மாணவர்களுக்குத் திறந்திருக்கிறதா, எடுத்ததை எடுத்தபடியே போட்டுப் பார்த்துப் பேச யாராவது உட்காருகிறார்களா, சொதப்பிய படத்தைத் திருத்த இரண்டாவது வாய்ப்பு உண்டா? மூன்றும் இல்லையென்றால் விலகுங்கள், நான் தடுக்கமாட்டேன். இருக்கிறதென்றால் மீதமுள்ள காலத்தையும் அங்கேயே செலவிடுங்கள். எதைப் பற்றிப் படம் எடுப்பது என்பதை எந்தக் கல்லூரியும் சொல்லித்தராது, அதை எதிர்பார்க்கவும் வேண்டாம்.

இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். சாவிப் படத்தின் எல்லா டேக்குகளையும், வேண்டாம் என்று தள்ளியவை உட்பட, எடிட்டிங் பிரிவில் படிக்கும் ஒரு நண்பரிடம் ஒப்படைத்துவிடுங்கள். கதையைச் சொல்லாதீர்கள், ஷாட் பட்டியலையும் கொடுக்காதீர்கள், அவர் வெட்டும்போது பக்கத்தில் உட்காராதீர்கள். அவர் எந்த ஷாட்டைத் தேடி அது கிடைக்காமல் தவித்தார் என்பதை மட்டும் கடைசியில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டேக்குகளின் கடைசிச் சில நொடிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். 'கட்' சொன்ன பிறகும் ஒளிப்பதிவாளர் நிறுத்தாமல் விட்ட துண்டுகளில், நடிப்பை விட்டு இறங்கிய அந்த முதியவரின் முகம், நீங்கள் தேடிய பார்வையோடு எங்காவது அகப்படலாம்.

கேமரா இப்போது வேண்டாம். கல்லூரியில் இருப்பது போதும், நீங்கள் வெளியே வரும்போது இன்றைய மாடல் பழையதாகியிருக்கும். செலவழித்தே ஆக வேண்டுமென்றால் நல்ல ஹெட்போன் ஒன்றும், கையடக்க ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும் வாங்குங்கள். முதலில் அந்தச் சாவியை ஒரு மர மேசைமேல் போட்டுப் பதிவு செய்து, வயலின் இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள்.

அன்புடன்