பனிக்காலத்தில் பழைய காரை நிறுத்தி வைப்பது: கேள்வி பதில்

தண்ணீர் உறையும் குளிரில், நாலைந்து மாதம் பழைய காரை ஓட்டாமல் நிறுத்தி வைப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். முதலிலேயே ஒன்று: குளிரால் மட்டும் ஒரு கார் அவ்வளவாகக் கெட்டுப்போவதில்லை, அதைக் கெடுப்பது ஈரம்தான். அதனால் பல பதில்கள் சுற்றிச் சுற்றி ஈரத்திலேயே வந்து நிற்கும்.

வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிடம் ஓடவிடுகிறேன். அப்பா காலத்திலிருந்து வரும் பழக்கம். இது போதுமா சார்?

காரின் மேல் உள்ள அக்கறையில் செய்கிறீர்கள், ஆனாலும் இதை நிறுத்திவிடுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தால் அது ஆவியாக வெளியே போய்விடும். பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடும் எஞ்சினில் அந்தச் சூடு வராது. சைலன்சருக்குள்ளும் எஞ்சினின் அடியிலும் தண்ணீர் தங்கி, சைலன்சர் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சள் நிறத்தில் வெண்ணெய்போலக் குழைவாக ஏதாவது ஒட்டியிருந்தால், அது ஆயிலும் தண்ணீரும் கலந்த கசடு. ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை என்றால், அநேகமாக உங்கள் வாராந்திர ஓட்டத்தின் விளைவுதான். இன்னொன்று, சோக் இழுத்து ஓடும்போது கூடுதலாக வரும் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். ஸ்டார்ட் செய்ய பேட்டரி செலவழித்ததையும் பழைய டைனமோ அந்தப் பத்து நிமிடத்தில் திருப்பித் தராது.

சாலை காய்ந்திருந்து, பனியை உருக்க உப்பும் தூவாமல் இருந்தால் அரை மணி நேரமாவது நன்றாக ஓட்டிவிட்டு வாருங்கள். முடியாதா, அப்படியென்றால் சாவியைத் தொடவே வேண்டாம். நிறுத்துவதற்கு முன் ஆயிலை மாற்றிவிடுங்கள். ஓடிய ஆயிலில் ஈரமும் அமிலமும் சேர்ந்திருக்கும், அது மாதக்கணக்கில் பேரிங்குகள்மேல் படிந்து கிடக்கக் கூடாது.

ரேடியேட்டர் தண்ணீர் உறையாமல் இருக்க ஊற்றும் ஆன்டிஃப்ரீஸை தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றினால் இன்னும் பாதுகாப்புதானே?

இல்லை, நேர்மாறாக ஆகும். ஆன்டிஃப்ரீஸில் இருக்கும் எத்திலீன் கிளைகால் தனியாக இருந்தால் சுமார் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். எனவே பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொண்டு, கலவையின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் ஒரு தடவை சோதித்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் வடித்துவிட்டு வைக்கிறேன் என்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ரேடியேட்டர் அடியிலுள்ள குழாயை மட்டும் திறந்தால் போதாது, எஞ்சின் பிளாக்கிலும் வடிகுழாய் இருக்கும். பழைய எஞ்சின்களில் அதன் வாயில் துருவும் சேறும் அடைத்திருக்கும். திறந்தும் ஒன்றும் வரவில்லையே, காலியாகிவிட்டது போலும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள், பெரும்பாலும் பழுப்பு நிறத்தில் பீறிட்டு வரும். தண்ணீர் உறையும்போது அதன் அளவு ஏறக்குறைய 9 சதவீதம் கூடும். வார்ப்பிரும்பு அதைத் தாங்காது, விரிசல் விட்டுவிடும். ஹீட்டருக்குள் தேங்கும் தண்ணீரும் முழுதாக வடியாது. அதனால்தான் நான் வடிப்பதைவிடச் சரியான கலவையை ஊற்றி வைப்பதையே சொல்வேன்.

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் மாதிரி காற்றால் குளிரும் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவர வேண்டுமா?

சார்ஜ் நிறைந்த பேட்டரி மைனஸ் 50-இலும் உறையாது. சார்ஜ் இறங்கிய பேட்டரிக்குள் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான், சாதாரணக் குளிரிலேயே அது உறைந்து பெட்டி பிளந்துவிடும். ஷெட்டில் மின்சாரம் இருந்தால், நிறைந்ததும் தானே அடங்கும் சார்ஜரை மாட்டி வையுங்கள். இல்லையென்றால் கழற்றிக் கொண்டுவந்து மாதம் ஒரு தடவை சார்ஜ் செய்யுங்கள். 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நல்ல நிலை.

உங்களுடையது ஆறு வோல்ட் காரா என்று பார்த்துவிட்டு சார்ஜர் வாங்குங்கள். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும், மாற்றி மாட்டிவிடாதீர்கள். எதுவானாலும் முதலில் கழற்ற வேண்டியது பாடியோடு சேரும் எர்த் வயர்.

பெட்ரோல் டேங்கை நிரப்புவதா, காலி செய்வதா?

தகர டேங்க் என்றால் கிட்டத்தட்ட நிரப்பிவிடுங்கள். காலி இடம் குறைந்தால் உள்ளே வியர்க்கும் ஈரமும் குறையும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கிவிடும். எத்தனால் கலக்காதது கிடைத்தால் அதைப் போடுங்கள். பெட்ரோல் கெடாமல் வைக்கும் ஸ்டெபிலைசர் மருந்து ஊற்றினால், உடனே நிறுத்திவிடாமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வாருங்கள். மருந்து கலந்த பெட்ரோல் கார்புரேட்டர் வரை போய்ச் சேர வேண்டும். அங்கே பழைய பெட்ரோல் வற்றினால் பிசினாகி, ஜெட் என்னும் சிறு துளையை அடைக்கும்.

அண்ணா, ஷெட் ஓதமாக இருக்கிறது. தார்ப்பாய் போட்டு மூடி, ஒரு கேஸ் ஹீட்டரும் வைக்கலாம் என்று இருக்கிறேன்.

இரண்டும் வேண்டாம் தம்பி. தார்ப்பாய் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும், காற்றில் ஆடி ஆடி பெயின்டையும் தேய்க்கும். காற்று போய்வரும் துணி உறைதான் சரி. கேஸும் மண்ணெண்ணெயும் எரிந்தால் நீராவி வரும், அது குளிர்ந்த தகரத்தில்தான் போய்ப் படியும். மூடிய ஷெட்டில் பெட்ரோல் காருக்குப் பக்கத்தில் நெருப்பு வைப்பது உயிருக்கே ஆபத்து, அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

செலவு செய்வதாக இருந்தால் ஈரம் உறிஞ்சும் கருவிக்குச் செய்யுங்கள். கம்ப்ரஸர் உள்ள வகை கடுங்குளிரில் சரியாக வேலை செய்யாது, ஈரம் உறிஞ்சும் பொருளை வைத்து வேலை செய்யும் டெசிகன்ட் வகை வாங்குங்கள். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் துரு பெரிதாக வளராது. சிமென்ட் தரையிலிருந்தும் ஓதம் ஏறும், காருக்கு அடியில் கனமான பிளாஸ்டிக் விரிப்பு போடுங்கள். காரின்மேல் பிளாஸ்டிக் கூடாது, அடியில் போடலாம்.

நிறுத்துவதற்கு முன் காரின் அடிப்பாகத்தையும் மட்கார்டுகளின் உள்மடிப்பையும் நல்ல தண்ணீரில் கழுவி, நன்கு காயவிட்டு உள்ளே விடுங்கள். மடிப்புகளில் சாலை உப்பு கொஞ்சம் தங்கினாலும் போதும், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து அது வேலையைத் தொடங்கிவிடும். தினம் ஓட்டும் காரையும் அதே ஷெட்டில் விட்டால், அதிலிருந்து உருகி வழியும் உப்புப் பனி பழைய கார் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹேண்ட்பிரேக் போட்டு வைக்கலாமா? டயருக்கு என்ன செய்வது?

போடாதீர்கள், பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். டயரில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காற்று அடியுங்கள், பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். ஸ்டாண்டில் ஏற்றுவதானால் ஆக்ஸிலுக்கு அடியில் கொடுங்கள், சஸ்பென்ஷன் தொங்கக் கூடாது.

எலி?

சைலன்சர் வாயிலும் ஏர் ஃபில்டர் குழாயிலும் இரும்பு நாரைத் திணியுங்கள். திணித்த இடங்களை ஒரு சீட்டில் எழுதி ஸ்டீயரிங்கில் கட்டிவிடுங்கள். பாச்சை உருண்டை வேண்டாம், அந்த வாசனை சீட்டை விட்டுப் போகவே போகாது.

குளிர் முடிந்ததும் நேரே ஸ்டார்ட் செய்யலாமா?

முதலில் ஸ்டீயரிங்கில் கட்டிய சீட்டைப் படித்து, அடைத்ததையெல்லாம் எடுங்கள். காருக்கு அடியில் ஏதாவது ஒழுகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சில துளி ஆயில் விட்டு, இக்னிஷன் காயில் இணைப்பை எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றுங்கள். ஆயில் பிரஷர் ஏறியது தெரிந்ததும் எல்லாவற்றையும் மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். பிரேக்கை வாசலிலேயே நாலைந்து முறை அழுத்திப் பாருங்கள். பெடல் தரைவரை போனாலோ, கார் ஒரு பக்கமாக இழுத்தாலோ, அதைச் சரிபார்க்கும் வரை சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.