பில் மெஷினே விலைவாசியைச் சொல்லிவிடாதா?

கேள்வி: கடையில் ஒவ்வொரு பொருளையும் ஸ்கேன் செய்துதான் பில் போடுகிறார்கள். எது, என்ன விலையில், எத்தனை விற்றது என்பதெல்லாம் கணினியில் பதிவாகிவிடுகிறது. பணவீக்கத்தை அதை வைத்தே கணக்கிடலாமே? இன்னும் ஏன் ஆள் அனுப்பி விலை விசாரிக்கிறார்கள்?

பதில்: சில நாடுகளில் அப்படிச் செய்யத் தொடங்கி வெகுநாளாகிறது. நெதர்லாந்து 2002-லும் நார்வே 2005-லும் ஆஸ்திரேலியா 2014-லும் பில் தரவைத் தங்கள் விலைக் குறியீட்டெண்ணில் (பணவீக்கத்தை அளக்கும் எண்) சேர்த்துக்கொண்டன. விலை குறிக்க வருபவர் கடையில் ஒட்டியிருக்கும் விலையைத்தான் எழுதிக்கொள்வார். அந்த விலைக்கு யாராவது வாங்கினார்களா என்பது அவருக்குத் தெரியாது. பில் தரவில் அது தெரியும். விற்ற தொகையை விற்ற எண்ணிக்கையால் வகுத்தால், தள்ளுபடியெல்லாம் போக மக்கள் கொடுத்த சராசரி விலை வந்துவிடும்.

சரி, இவ்வளவு தரவு இருந்தால் வேலை சுலபம்தானே என்று தோன்றும். அங்கேதான் ஒரு வில்லங்கம். சலவைத்தூள் ஒரு பாக்கெட் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் 50-க்குத் தருகிறார்கள். ஆளுக்கு நாலைந்து பாக்கெட் அள்ளிக்கொண்டு போகிறார்கள். அடுத்த வாரம் விலை மறுபடி 100. வீட்டில்தான் இருப்பு இருக்கிறதே, யார் வாங்குவார்கள்? அதிகம் விற்றதற்குக் கணக்கில் அதிக எடை, அதாவது முக்கியத்துவம், தந்து, வாரா வாரம் விலை மாற்றத்தை முந்தைய வாரக் கணக்கோடு சங்கிலிபோல் கோத்துக்கொண்டே போனால், விலை இறங்கியதற்கு எடை அதிகம், ஏறியதற்குக் குறைவு. விலை பழைய இடத்துக்கே வந்த பிறகும் குறியீட்டெண் கீழேயே நிற்கும். இப்படிச் சில தள்ளுபடிகள் வந்து போனால், விலைவாசி சரிந்துவிட்டதாகவே கணக்கு சொல்லும்! இதைத் தவிர்க்க, அடுத்தடுத்த இரண்டு காலங்களை மட்டும் ஒப்பிடாமல், ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்தின் எல்லா மாதங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடும் முறைகள் வந்திருக்கின்றன. 'கெக்ஸ்' என்பது அவற்றில் ஒன்று.

அப்புறம் பார்கோடு. அதே பிஸ்கட், அதே விலை; பாக்கெட் மட்டும் 100 கிராமிலிருந்து 90 கிராமாகச் சுருங்கி, புது பார்கோடோடு வருகிறது. கணினிக்கு அது புதுப் பொருள். பழையது விற்பனையிலிருந்து போய்விட்டது, அவ்வளவுதான். இரண்டையும் இணைத்துப் பார்க்காவிட்டால், கிராம் கணக்கில் 11 சதவீத விலையேற்றம் சத்தமில்லாமல் நழுவிவிடும். நுகர்வோராக எனக்கு எரிச்சல் தருவது இதுதான்.

ஆள் எதற்கு என்றீர்களே: வீட்டு வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் முடிவெட்டும் கூலியையும் எந்த ஸ்கேனரில் காட்டுவது? அவற்றைக் கேட்டுத்தான் எழுத வேண்டும்.