ஒற்றைச் சொல் எதற்கு? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

புத்தாண்டுத் தீர்மானங்களை விட்டுவிட்டு, ஆண்டுக்கு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து அதை வழிகாட்டியாக வைத்துக்கொள்கிறேன். முதல் ஆண்டு ‘ஒழுக்கம்’, அடுத்து ‘வளர்ச்சி’, இப்போது ‘அமைதி’. அழகாக எழுதி மேசைக்கு எதிரே ஒட்டுகிறேன், கைபேசித் திரையிலும் வைக்கிறேன். இரண்டாம் மாதத்துக்குள் அது அங்கே இருப்பதே மறந்துபோகிறது. பிழை என்னிடமா, சொல்லிலா? வாழ்நாள் முழுவதற்கும் ஒரே சொல் போதும் என்கிறார்களே, அது சாத்தியமா?

எம்.

அன்புள்ள எம்.,

பிழை சொல்லில்தான். மூன்றுமே எவரும் மறுக்காத நல்ல சொற்கள். அதனாலேயே அவை வேலை செய்யவில்லை. வழிகாட்டும் சொல்லுக்கு வேலை வருவது, இரண்டு வழிகள் முன்னால் நிற்க மனம் தயங்கும் சில நொடிகளில் மட்டும்தான். அப்போது ஒன்றைத் தள்ளிவிடும் வலு அதற்கு வேண்டும்.

‘அமைதி’யை எடுத்துக்கொள்வோம். வேறொருவர் செய்யவேண்டிய வேலையை உங்கள் தலையில் கட்டுகிறார்கள். சண்டை எதற்கு என்று வாங்கிக்கொள்வதும் அமைதிதான். அங்கேயே மறுத்துவிட்டு இரவு நிம்மதியாகத் தூங்குவதும் அமைதிதான். இரண்டுக்கும் தலையாட்டும் சொல்லால் எதையும் முடிவு செய்ய முடியாது. ‘வளர்ச்சி’ இன்னும் மோசம். தேடி வரும் எந்தப் புது வேலையையும் அதன் பெயரால் ஏற்றுக்கொள்ளலாம்.

எனவே பிடித்த சொற்களைப் பட்டியலிடாதீர்கள். தயக்கங்களைப் பட்டியலிடுங்கள். இரண்டு வாரம் ஒரு சிறு நோட்டைக் கூடவே வைத்திருங்கள். தயங்கிய இடங்களில் நாளுக்கு இரண்டை மட்டும் குறியுங்கள்: என்ன நடந்தது, எந்த இரண்டு வழிகள் இருந்தன, எதில் போனீர்கள். ஒவ்வொன்றும் ஒரே வரி. எழுதும்போது சரி தவறு பார்க்கவேண்டாம். மறுநாள் காலை, அந்த வரியின் ஓரத்தில் ‘சரி’ அல்லது ‘வருத்தம்’ என்று மட்டும் போடுங்கள். அன்றைக்கே தீர்ப்பு எழுதினால் அதில் சூடுதான் இருக்கும், உண்மை குறைவாக இருக்கும்.

இரண்டு வாரத்தில் இருபத்தைந்து வரிகளாவது சேரும். ‘வருத்தம்’ என்று குறித்தவற்றை ஒரே மூச்சில் படியுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று வகைத் தடுமாற்றங்களே திரும்பத் திரும்ப வரும். பாதி வேலையை வைத்துவிட்டுப் புதியதில் கைவைப்பதே மிகுதி என்றால் உங்கள் சொல் ‘முடி’. சரி சரி என்று எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொள்வதாக இருந்தால் ‘குறை’. பேசவேண்டிய இடத்தில் பேசாமல் திரும்புவதாக இருந்தால் ‘பேசு’. இப்படி ஏவலாக நிற்கும் சொற்களையே நான் பரிந்துரைப்பேன். தயங்கும் நொடியில் ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளக்கூடியது ‘முடி’, ‘நிறைவு’ அல்ல. ‘வெற்றி’, ‘செல்வம்’ போன்றவையும் வேண்டாம். அவை விளைவுகள். காலை ஒன்பது மணிக்கு எதைச் செய்வது என்று அவற்றிடம் கேட்டால் பதில் வராது.

(வருத்தங்களில் பாதிக்கு மேல் இரவு பத்து மணிக்குப் பிறகு நடந்தவை என்றால் சொல்லைத் தேடுவதை நிறுத்துங்கள். உங்களுக்கு வேண்டியது தூக்கம்.)

கிடைத்த சொல்லை உடனே ஏற்காமல் சோதியுங்கள். வருத்தங்களில் எட்டை எடுத்து, ஒவ்வொன்றின் எதிரிலும் அந்தச் சொல் அப்போது இருந்திருந்தால் என்ன சொல்லியிருக்கும் என்று எழுதுங்கள். எட்டில் ஐந்திலாவது தெளிவான பதில் வரவேண்டும், அது நீங்கள் செய்ததிலிருந்து வேறாகவும் இருக்கவேண்டும். இரண்டில் மட்டும் வந்தால் சொல் மிகக் குறுகியது. ‘உடற்பயிற்சி’ போல, அது ஒரு வேலையின் பெயர். எட்டிலும் வந்து, எல்லாம் நீங்கள் செய்ததையே ஆமோதித்தால், பழைய பழக்கத்துக்குப் புதுப்பெயர் வைத்திருக்கிறீர்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. பலர் தாண்டிப் போவது இதைத்தான். அந்தச் சொல்லுக்காக எந்த மூன்று விஷயங்களை விடப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். உளவியலாளர் ஷாலோம் ஷ்வார்ட்ஸ் 1992இல் மனித விழுமியங்களைப் பத்து வகையாக்கி ஒரு வட்டத்தில் அமைத்தார். அருகருகே இருப்பவை ஒத்துப்போகும், எதிரெதிரே இருப்பவை மோதும். சாதனையை நோக்கி நகர்ந்தால் பிறர்நலத்துக்கான இடம் சுருங்கும். புதுமையை நாடினால் பாதுகாப்பு தளரும். எந்தச் சொல்லுக்கும் இப்படி ஒரு விலை உண்டு. மூன்று இழப்புகளை எழுத முடியவில்லை என்றால் அந்தச் சொல் உங்களிடம் எதையும் கேட்கவில்லை, எதையும் மாற்றப்போவதுமில்லை.

இதையெல்லாம் தாண்டிய சொல்லும் தனியாக நின்றால் போதாது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, ‘இன்னது நடந்தால் இன்னது செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவு செய்வதன் பலனை விளக்கியது. 2006இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் அது உறுதிப்பட்டது. எண்ணம் இருப்பதை விட, அந்த எண்ணம் எந்தச் சூழலில் எழவேண்டும் என்று கட்டிவைப்பதே செயலைக் கொண்டுவருகிறது. ஆகவே உங்கள் சொல்லுக்கு மூன்று வாக்கியங்கள் எழுதுங்கள். சொல் ‘முடி’ என்றால்: “புதுக் கோப்பைத் திறக்கக் கை போனால், திறந்து கிடக்கும் ஒன்றை முதலில் மூடுவேன்.” சூழல் கண்ணுக்குத் தெரிவதாக இருக்கவேண்டும். “சோம்பல் வந்தால்” என்று எழுதினால் பயனில்லை, அது எப்போது வந்தது என்றே நமக்குத் தெரியாது.

மேசைக்கு எதிரே ஒட்டியது மறந்துபோனதற்குக் காரணம் இதுதான்: மாறாமல் ஒரே இடத்தில் இருப்பதை மூளை விரைவில் கவனிப்பதை விட்டுவிடும். எங்கே தடுமாறுகிறீர்களோ அங்கே சொல்லை வையுங்கள்: அன்றைய வேலைப் பட்டியலின் தலைப்பில், தினமும் உங்கள் கையால் புதிதாக எழுதி. எழுதுவதில்தான் பயன், அச்சடித்து வைத்தால் மறுபடியும் ஸ்டிக்கர்தான்.

ஊரறியச் சொல்லவும் வேண்டாம். கோல்விட்சரும் சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட சோதனைகளில், நான் இப்படிப்பட்டவனாக ஆவேன் என்ற எண்ணத்தைப் பிறர் கவனித்துவிட்டபோது, அதற்கான உழைப்பு குறைந்தது. அந்த அடையாளம் பாதி கிடைத்துவிட்டதாகவே மனம் எடுத்துக்கொள்கிறது. உங்கள் முடிவுகளால் பாதிக்கப்படும் ஓரிருவருக்குத் தெரிந்தால் போதும்.

‘ஒழுக்கம்’ பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அது பெரும்பாலும் தன்னையே அடித்துக்கொள்ளும் சாட்டையாகிவிடும். சொல்லைப் பார்த்ததும் எழுவது குற்றவுணர்வு என்றால், விரைவிலேயே அதைப் பார்ப்பதைத் தவிர்ப்பீர்கள். பார்த்தவுடன் அடுத்த செயல் நினைவுக்கு வரவேண்டும்.

வாழ்நாள் முழுவதற்கும் ஒரே சொல் என்பதை நான் ஏற்கவில்லை. தடுமாற்றங்கள் மாறும்போது சொல்லும் மாறவேண்டும். அதற்காக மூன்று வாரத்தில் கைவிடவும் கூடாது. பழக்கங்களை ஆராயும் ஃபிலிப்பா லாலியின் குழு 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக ஏறத்தாழ 66 நாட்கள் தேவைப்படும் என்று கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது.

வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்குங்கள். சொல் உங்கள் முடிவை மாற்றிய ஒரு தருணத்தை இடப்பக்கம் எழுதுங்கள், மாற்றியிருக்கவேண்டிய ஆனால் மாற்றாத ஒன்றை வலப்பக்கம். வலப்பக்கம் மட்டும் நிறைந்தால் முதலில் மூன்று வாக்கியங்களைத் திருத்துங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும். திருத்திய பிறகும் நான்கு வாரம் இடப்பக்கம் காலியாகவே இருந்தால், நோட்டை மறுபடி திறந்து வேறு சொல்லை எடுங்கள். டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அன்புடன்,
ஆசிரியர்