சென்சார் ஆய்வுக்கூடத்தில் என்ன நடக்கிறது? நெல் ஈரப்பதத்தை முன்வைத்து ஒரு பதில்

கேள்வி: பொறியியல் பல்கலைக்கழகங்களில் சென்சார் ஆய்வு செய்பவர்கள் நாள் முழுவதும் என்னதான் செய்கிறார்கள்? அதனால் டெல்டா விவசாயிக்குப் பயன் ஏதும் உண்டா?

தஞ்சாவூருக்கு அருகில் உள்ள பொறியியல் பல்கலைக்கழகம் ஒன்றில், நெல்லின் ஈரப்பதத்தை அளக்கும் உணரிகளைப் பற்றி நான்கு ஆண்டுகளாக ஆய்வு செய்து வருகிறேன். சென்சார் ஆய்வு என்றதும் புதிதாகச் சில்லு செய்கிறோம் என்றே பலரும் எண்ணுகிறார்கள். எங்கள் குழுவின் பொழுதில் பெரும்பகுதி தராசோடும் அடுப்போடும் நெல்லோடுமே கழிகிறது. உணரியிடமிருந்து ஓர் எண்ணைப் பெறுவது எளிது. அந்த எண் ஈரத்தை மட்டும் சொல்கிறதா, நெல்லின் சூடு, கருக்காய் (அரிசி பிடிக்காத பதர்), மேலே படிந்த பனி ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்கிறதா என்று பிரித்தறிவதற்குத்தான் ஆண்டுகள் பிடிக்கின்றன.

நான் இந்தத் துறைக்கு வந்ததற்கே அப்படி ஓர் எண்தான் காரணம். ஒரு தை மாதத்தில் அப்பா சம்பா நெல்லை இரண்டு நாள் சாலையில் காயப்போட்டு, மாலையில் தெரிந்த வியாபாரியின் ஈரப்பதக் கருவியில் பார்த்தபோது 16.6 சதவீதம் என்று காட்டியது. சாக்கில் பிடித்து, மறுநாள் காலையில் நேரடி கொள்முதல் நிலையம் ஒன்றுக்குக் கொண்டுபோனால் 17.9 என்றார்கள். வழக்கமான உச்சவரம்பு 17 சதவீதம் என்பதால், "காய்ச்சல் பத்தாது, திரும்பக் காயவைத்துக் கொண்டுவாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். கருவியில் ஏதோ கோளாறு செய்திருக்கிறார்கள் என்று அப்பா வீடு வந்து சேரும்வரை திட்டிக்கொண்டே வந்தார்.

இரண்டு கருவிகளுமே சரியாக இருந்திருக்கக்கூடும் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் விளங்கியது. வெயிலில் காயும்போது உமியும் அரிசியின் வெளிப்பகுதியும் முதலில் உலர்கின்றன. உள்ளே இருக்கும் ஈரம் இரவெல்லாம் மெல்ல வெளிப்பக்கம் நகர்கிறது. நெல்லைக் கிண்ணத்தில் வைத்து நெருக்கி மின்தடையை அளக்கும் கருவி மேற்பரப்பின் நிலையையே அதிகம் உணர்வதால், மாலையில் குறைத்தும் காலையில் கூட்டியும் சொல்லும். மின்தேக்கி வகைக் கருவிக்கு வேறு தொல்லை. ஒரு பொருளை இடையில் வைத்தால் மின்தேக்கியின் கொள்ளளவு எத்தனை மடங்காகும் என்று சொல்லும் எண் மின்காப்பு மாறிலி. தண்ணீருக்கு அது ஏறத்தாழ 80. உலர்ந்த தானியத்தினுடையதோ 5க்கும் கீழே. இந்தப் பெரிய வேறுபாட்டை வைத்துத்தான் அது ஈரத்தைக் கணிக்கிறது. ஆனால் கிண்ணத்தில் நெல் எவ்வளவு அடர்த்தியாக விழுந்தது என்பதும் அதே அளவீட்டில் கலந்துவிடுகிறது. சி.ஆர். 1009 போன்ற குண்டு நெல்லும் பி.பி.டி. போன்ற சன்ன நெல்லும் ஒரே மாதிரி விழுவதில்லை. சரியாகத் தூற்றாமல் கருக்காய் மிகுந்திருந்தால் கணக்கு மேலும் பிசகும். ஒரு ரகத்துக்குச் செய்த அளவுத்திருத்தத்தை (கருவி காட்டும் எண்ணை உண்மையான ஈரத்தோடு பொருத்திவைப்பதை) எல்லா ரகத்துக்கும் பொருத்துவதே களத்தில் நடக்கும் பெரிய தவறு என்பது என் கருத்து.

உண்மையான ஈரம் எவ்வளவு என்பதற்கு எங்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி அடுப்புதான். அரைத்த நெல்லை 130 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் வைத்து, எடை எவ்வளவு குறைந்தது என்று பார்க்க வேண்டும். கேட்க எளிதாகத் தோன்றும் இந்த வேலையில், ஈரம் மிகுந்த நெல்லை அரைக்கும்போதே கொஞ்சம் ஈரம் பறந்துவிடுவதால், முதலில் முழு நெல்லாக ஓரளவு உலர்த்தி எடை பார்த்து, பிறகு அரைத்து மறுபடியும் எடை பார்த்து, இரண்டு இழப்பையும் சேர்த்துக் கணக்கிட வேண்டியிருக்கிறது.

நெல்மணிகளுக்கு இடையே உள்ள காற்றை வைத்தும் நெல்லின் ஈரத்தைக் கணிக்கலாம். அதற்கான, காற்றின் ஈரப்பதத்தை உணரும் சென்சார்களைச் சோதிக்க உப்புக் கரைசல் போதும். சோடியம் குளோரைடைத் தண்ணீரில் கரைத்து, கரையாத உப்பு அடியில் தங்கும் அளவுக்குச் சேர்த்துப் புட்டியை மூடிவைத்தால், 25 டிகிரியில் மேலிருக்கும் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிலைத்துவிடும். ஒருமுறை ஆய்வக உப்பு தீர்ந்துபோய், இளநிலை மாணவர் ஒருவர் வேதாரண்யம் கல்லுப்பைப் போட்டுவிட்டார். அதில் கலந்திருக்கும் மக்னீசிய உப்புகள் அந்த 75ஐக் கீழே இழுக்கும் என்பதை யோசிக்காமல், ஒரு வாரம் முழுவதும் நல்ல சென்சார்களைப் பழுது என்று ஒதுக்கிக்கொண்டிருந்தோம்.

பயன் உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். டெல்டாவில் இது புதிய கவலை அன்று. இன்று தஞ்சாவூரில் இயங்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிப்டெம், 1967இல் திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆய்வு மையமாகத் தொடங்கியதுதான். பணக் கணக்கும் சிறியதன்று: 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 17 சதவீதத்துக்குக் காயவைத்தால் எடை 94 கிலோவாகிறது, தேவைக்கு மேல் காயவைத்தால் அந்த எடையும் விவசாயிக்குத்தான் நட்டம்.

நாங்கள் இப்போது சோதித்துவருவது சாக்குக்குள் செருகும் ஒரு கம்பி உணரி. நெல்மணிகளுக்கு இடையே உள்ள காற்றின் ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் அளந்து, அதிலிருந்து நெல்லின் ஈரத்தைக் கணிக்கிறது. காற்றில் 75 சதவீதம் என்றால் நெல்லில் ஏறத்தாழ 13, 14 சதவீதம் என்று கொள்ளலாம். அடர்த்தி இதில் குறுக்கிடுவதில்லை. ஆனால் அளவீடு நிலைபெற இருபது நிமிடம் ஆகிறது. சேமிப்புக் கிடங்குக்கு இது தாராளமாகப் போதும். நாற்பது கிலோ சிப்பங்கள் வரிசையாகக் காத்திருக்க, மேற்கே கருக்கல் கூடிக்கொண்டிருக்கும் கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பத்துக்கு இருபது நிமிடம் யாரும் தரமாட்டார்கள். அதை இரண்டு நிமிடத்துக்குக் குறைக்கும் முயற்சியில்தான் இந்த ஆண்டு போய்க்கொண்டிருக்கிறது.